கணக்கில் வராத காஸ்

தராசோடு வாடகைக்கு வந்த ஆள் அவர் ஒருவர்தான்.

மற்றவர்கள் கட்டில் கொண்டு வருவார்கள், மேசை கொண்டு வருவார்கள். இவர் ஒரு சூட்கேஸும் ஒரு பாயும் ஒரு தராசும் கொண்டு வந்தார். சுன்னாகம் சந்தையில் வெங்காயச் சாக்கைக் கொழுவி நிறுப்பார்களே, அந்த மாதிரித் தராசு. மேலே ஒரு வளையம், கீழே ஒரு கொழுக்கி, நடுவில் சிவப்பாக இலக்கம் எரியும்.

"உது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"நிறுக்கத்தான் அக்கா," என்றார்.

பருத்தித்துறைப் பக்கத்து ஆள். ஏ.எல். பரீட்சைப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் ரியூசன் கொடுக்க வந்தவர். நாற்பது வயது இருக்கும். கலியாணம் செய்யவில்லை. என் வீட்டு முன் அறையையும் விறாந்தையையும் கொடுத்தேன். நாங்கள் மாஸ்ரர் என்றுதான் கூப்பிட்டோம். இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். பெயர் எழுதவில்லை. எழுதினால் விரும்பமாட்டார்.

அந்தத் தராசால் ஒரு பெண்ணுக்குக் கள்ளி என்ற பெயர் வரப் பார்த்தது. அது இல்லாவிட்டால் நான் இதை எழுத உயிரோடு இருந்திருக்கவும் மாட்டேன். அவரை நல்லவர் என்பதா பொல்லாதவர் என்பதா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். கணவர் செத்தபிறகு அதுதான் தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மா குழைத்து, பின்னேரம் கிடாரப் பானையில் அவித்து, பொழுதுபடக் கடைகளுக்குக் கொண்டுபோவேன். மாப் பிழிய மலர் வருவாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு. புருசன் விட்டுப் போய்விட்டான். இரண்டு பிள்ளைகள். என்னிடம் வேலை இல்லாவிட்டால் அவளுக்கு வேறு வேலை இல்லை.

காஸ் சிலிண்டர் வெடிக்கிறது என்று ஊரெல்லாம் கதை நடந்த காலம். எல்லோருக்கும் பயம். கனபேர் சிலிண்டரைத் தூக்கி வெளியில் வைத்தார்கள். நானும் வைத்தேன். என் குசினிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் மா அறை இருக்கிறது. கணவரின் தம்பி தேவன் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறவன். அவன் வந்து சுவரில் ஓட்டை போட்டு, நீளக் குழாய் வாங்கி, மா அறைக்குள்ளால் இழுத்து அடுப்பில் பூட்டிவிட்டான். வெடித்தாலும் வெளியில்தான் வெடிக்கும் என்று நினைத்தோம். அதற்குப் பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

பிறகு தட்டுப்பாடு வந்தது. வெடிக்கும் என்று பயந்தவர்களே ஒரு சிலிண்டர் கிடைக்காதா என்று வெயிலில் வரிசையில் நின்றார்கள். ஒருநாள் நான் வெளியில் வந்து சிலிண்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தட்டினால் என்ன தெரியும் அக்கா?" மாஸ்ரரின் யன்னலுக்குள் இருந்து குரல்.

"சத்தத்திலை விளங்கும். இன்னும் கொஞ்ச நாளைக்கு வரும்."

"கொஞ்ச நாள் எண்டால்?"

"கொஞ்ச நாள்தான்."

தராசை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வேப்பமரக் கொப்பில் கயிறு போட்டார். வால்வைப் பூட்டி, குழாயைக் கழற்றி, சிலிண்டரைக் கொழுவித் தூக்கினார். மெலிந்த ஆள். கழுத்து நரம்பு புடைத்தது. வெறும் சிலிண்டரின் நிறை அதன் கழுத்திலேயே அடித்திருக்கிறது என்று காட்டினார். இவ்வளவு காலம் புழங்குகிறேன், எனக்குத் தெரியாது. அதைக் கழித்தால் மிச்சம் உள்ளே இருக்கிற காஸ்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி கொதிக்க வைக்கிறனீங்கள்?"

"மூண்டு கிடாரம். ஒவ்வொண்டும் அரைவாசி."

"அரைவாசி எண்டு ஒரு கணக்கில்லை. வாளியாலை அளந்து விடுங்கோ."

எனக்கு விளங்கின அளவுக்கு அவர் கணக்கு இதுதான். ஒரு கிராம் காஸ் முழுக்க எரிந்தால் இவ்வளவு சூடு தரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஐம்பது கிலோயூல் என்றார். பத்து லீற்றர் தண்ணீர் கொதிக்க எவ்வளவு சூடு வேண்டும் என்று இன்னொரு கணக்கு. அந்தச் சூட்டை ஐம்பதால் பிரித்தால் எத்தனை கிராம் எரிய வேண்டும் என்று வரும். அறுபது கிட்ட வந்தது.

"ஆனால் உங்கடை அடுப்பு நூற்றிருபது எரிக்கும்," என்றார்.

"மிச்ச அறுபது எங்கை?"

"அப்பிடிக் கேளுங்கோ!" அவர் முகம் வெளிச்சமானதை அன்றுதான் கண்டேன். "கிடாரத்தின்ரை பக்கத்தாலை மேலை போகுது. சுவர் சுடுகுது. உங்கடை முகம் சுடுகுது. உங்களைச் சூடாக்கிறதுக்குத்தான் அந்த அறுபதும்."

பின் விறாந்தையில் மாப் பிழிந்துகொண்டிருந்த மலர் சிரித்தாள். "அப்ப அக்காவைத் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ மாஸ்ரர். காஸ் மிஞ்சும்."

"மிஞ்சாது," என்றார் அவர் சிரிக்காமல். "பேந்து அது சுவருக்குப் போகும்."

ஒன்று குறைந்தால் அது எங்கே போனது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "இல்லாமல் போறதெண்டு ஒண்டும் இல்லை அக்கா, எங்கையோ போயிருக்கும்" என்பார். கிணற்றில் அள்ளிய வாளி குறைந்திருந்தாலும் அதுதான், போத்தலில் மண்ணெண்ணெய் குறைந்திருந்தாலும் அதுதான்.

விறாந்தையில் பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டுவார். சின்ன ஸ்பிரிட் விளக்கை நிறுத்து, கொளுத்தி, தண்ணீரைச் சூடாக்கி, திரும்பவும் நிறுக்க வேண்டும். எரிந்த நிறைக்கு எவ்வளவு சூடு என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பெட்டை புத்தகத்தில் இருக்கிற விடையை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"உந்த விடை உனக்கு வராது," என்றார் மாஸ்ரர். "யன்னல் திறந்து கிடக்கு. காத்து அடிக்குது. இது எப்பிடி வந்தது?"

"புத்தகத்திலை இதுதான் சேர் இருக்கு."

"வரவேண்டியதை எழுதாதை. வந்ததை எழுது."

அவள் அழுதாள். அவர் தேற்றவில்லை. திரும்பவும் விளக்கைக் கொளுத்தச் சொன்னார்.

மாரி காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கிழவர் செத்துப்போனார். ஆம்பிளைகளோடு மாஸ்ரரும் சுடலைக்குப் போனார். அங்கே நடந்ததைத் தேவன்தான் வந்து சொன்னான். கட்டையை அடுக்கி வைத்திருக்க, இவர் சுற்றி வந்து ஒரு விறகைக் கையில் தூக்கிப் பார்த்தாராம். "ஈரம். உதிலை இருக்கிற தண்ணி வத்தவே பாதிச் சூடு போயிடும். காணாது" என்றாராம். கொள்ளி வைக்க நின்ற மகன் திரும்பி ஒரு பார்வை பார்த்தானாம்.

"மாஸ்ரர், இது சவம். சோதினை இல்லை," என்று தேவன் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

விறகு போதவில்லைதான். பொழுதுபட மண்ணெண்ணெயும் பழைய ரயரும் தேடி ஆள் ஓட வேண்டி வந்தது. ஆனால் அந்த வீட்டுக்காரர் பிறகு மாஸ்ரரோடு கதைக்கவில்லை. "நான் பிழையாச் சொல்லேல்லையே," என்று இரண்டு நாள் என்னிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சரியாகச் சொன்னதுக்கு ஏன் கோபிக்கிறார்கள் என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

ஒவ்வொரு பின்னேரமும் நான் அவித்து முடிய அவர் வந்து சிலிண்டரை நிறுப்பார். குசினிக்குள் வரமாட்டார். நான் தனிய இருக்கிற கைம்பெண், அவர் தனி ஆள், ஊருக்குக் கண் இருக்கிறது. குசினி யன்னலுக்கு வெளியில் நின்று கேட்பார். எவ்வளவு தண்ணி விட்டனீங்கள். எவ்வளவு வத்தினது. சொன்னால், போன காஸ் எவ்வளவு என்று முதலில் வாயால் சொல்லிவிட்டுத்தான் நிறுப்பார். தராசும் கிட்டத்தட்ட அதையே காட்டும். வாற வியாழக்கிழமை பின்னேரம் முடியும் என்று ஒரு சிலிண்டருக்குச் சொன்னார். வியாழன் பின்னேரம் அவித்துக்கொண்டிருக்க அடுப்பு அணைந்தது. அதற்குப் பிறகு அவர் கணக்கை நான் கேள்வி கேட்கவில்லை.

அடுத்த சிலிண்டரைத் தேவன் எங்கோ அலைந்து கொண்டுவந்தான். அது முடிந்தால் இன்னொன்று எப்போது கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சிலிண்டரில்தான் பிரச்சினை தொடங்கியது.

ஒரு பின்னேரம் நிறுத்துவிட்டு அவர் போகவில்லை. இறக்கி, திரும்பவும் கொழுவி நிறுத்தார்.

"அக்கா, இண்டைக்கு வேறை ஏதும் அவிச்சனீங்களோ?"

"இல்லை."

"தேத்தண்ணி?"

"அது விறகிலை."

அவர் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மூண்டு கிடாரத்துக்குத்தான் கணக்கு வருது. நாலு கிடாரத்துக்கு வேண்டிய காஸ் போயிருக்கு."

அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாள் இன்னும் கூட. தராசு பிழையோ என்று அரிசிப் பையைக் கொழுவிப் பார்த்தார். தராசு சரி. முகம் கறுத்துப்போய்த் திரிந்தார். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது இடையில் எழும்பி வந்து சிலிண்டரைப் பார்த்துவிட்டுப் போவார்.

இது தேவனுக்குத் தெரிய வந்தது. வந்து வேப்பமரத்தடியில் நின்றான்.

"அப்ப ஆரோ எடுக்கினம்."

"காஸை அள்ளிக்கொண்டு போகேலாது தேவன்," என்றார் மாஸ்ரர்.

"ஏன் அள்ள வேணும்? மச்சாள் கடைக்குப் போற நேரம் குசினிக்குள்ளை ஆர் நிக்கிறது?"

குசினிக்குள் மலர் இடியப்ப உரல் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"நான் ஆரையும் சொல்லேல்லை," என்றார் மாஸ்ரர். "எவ்வளவு எண்டுதான் சொன்னனான்."

"எவ்வளவு எண்டு நீங்கள் சொன்னால், ஆர் எண்டு நாங்கள் கேக்கத்தானே வேணும்." என் பக்கம் திரும்பினான். "நிப்பாட்டுங்கோ மச்சாள். உவள் தன்ரை பிள்ளையளுக்கு இஞ்சைதான் சோறு வடிக்கிறாள்."

மலர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"தேவண்ணை, என்ரை பிள்ளையள் சுடுசோறு திண்டு எத்தினை நாள் எண்டு வீட்டை வந்து கேளுங்கோவன்."

அவள் உள்ளே போய் மிச்ச உரலையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவள் எடுக்கிறாள் என்றால் நிற்பாட்ட வேண்டும். காஸ் முடிந்தால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. அவள் எடுக்கவில்லை என்றால்? களவுக்கு நிற்பாட்டின பெண்ணை இந்த ஊரில் எவர் வேலைக்கு எடுப்பார்?

பொழுதுபட மாஸ்ரர் விறாந்தைப் படியில் வந்து நின்றார்.

"நாளைக்கு மலர் வரவேண்டாம். நீங்கள் தனிய அவியுங்கோ. கடைக்குத் தேவன் கொண்டு போகட்டும். கணக்குச் சரி வராட்டி மலர் இல்லை."

"சரி வந்தால்?"

படியில் கிடந்த வேப்பிலையைக் காலால் தள்ளினார்.

"மலர்தான் எண்டு சொல்லுவியளோ?"

"நான் சொல்லமாட்டன்."

"தேவன் சொல்லுவான்."

"ஓம்," என்றார். உள்ளே போய்விட்டார்.

நான் தண்டவாளம் தாண்டிப் போய் மலரிடம் சொன்னேன். நாளைக்கு வேலை குறைவு, வராதை என்றேன். அவள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி அக்கா." சீப்பு நின்றது. "மா அறையிலை அந்த நாத்தம் கூடுது. ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

"எலி செத்திருக்கும். மருந்து வைச்சனான்."

இதை இங்கே சொல்ல வேண்டும். எனக்குக் கொரோனா வந்து மாறின பிறகு மூக்கில் ஒன்றும் மணப்பதில்லை. மல்லிகைப் பூவும் இல்லை, மீன் கழிவும் இல்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. சமைத்து விற்கிறவளுக்கு மா புளித்தது மணக்காது என்று தெரிந்தால் எந்தக் கடைக்காரன் வாங்குவான்? மலர் நாறுது என்றால் நானும் மூக்கைச் சுளித்து, எலி என்பேன்.

அடுத்த நாள் தனியப் பிழிந்தேன். மணிக்கட்டு விட்டுப்போனது. மா அறைக் கதவும் யன்னலும் சாத்தி வைத்திருந்தேன், மாவில் ஈரம் பிடிக்காமலும் எலி வராமலும். தேவன் கிணற்றுக் கட்டில் இருந்து சிகரெட் பிடித்தான். தான் சொன்னது சரி வரும் என்று இருந்தான். மாஸ்ரர் வகுப்பை நிறுத்திவிட்டு விறாந்தைப் படியில் இருந்தார்.

அவித்து முடிந்தது. தேவன் பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைகளுக்குப் போனான். மாஸ்ரர் வால்வைப் பூட்டி, சிலிண்டரைக் கழற்றி நிறுக்கத் தொடங்கினார். இருண்டுகொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. அந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் போகும்.

மிச்ச மாவை மா அறையில் வைக்க வேண்டும். ரோச் லைற்றின் பற்றறி செத்திருந்தது. குப்பி விளக்கைக் கொளுத்தினேன். ஒரு கையில் விளக்கு, இடுப்பில் மாச் சட்டி.

அவர் கணக்குப் பார்க்கும்போது வாயால் சொல்லித்தான் பார்ப்பார். வெளியில் அது கேட்டது. இவ்வளவு தண்ணி, இவ்வளவு சூடு, இவ்வளவு கிராம். பிறகு நின்றது. பிறகு, "மலர் இல்லை," என்று சொன்னது கேட்டது. எனக்கு நெஞ்சு லேசானது. மா அறைக் கதவடிக்குப் போனேன்.

"எரியேல்லை," என்றார் வெளியில். பலமாக. திரும்பவும், "அப்ப அது எரியவேயில்லை."

கரண்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவுக் கொண்டியில் கை வைத்தேன்.

"அக்கா! கதவைத் திறவாதேங்கோ! திறவாதேங்கோ!"

அவர் ஓடியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. வெறுங்காலோடு குசினிக்குள் வந்தார். முதல் தடவை. என் கையில் இருந்த விளக்கை வாங்கினார். ஊதவில்லை. உள்ளங்கையால் சுவாலையை மறைத்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்துக் குசினி வாசலைத் தாண்டி, வளவைத் தாண்டி, கிணற்றடிக்குப் போனார். அங்கே போய்த்தான் அணைத்தார். கை சுட்டிருக்க வேண்டும்.

இருட்டில் குரல் மட்டும் வந்தது. "மா அறை லைற் சுவிச் போட்டிருக்கோ, நிப்பாட்டியிருக்கோ?"

"தெரியாது மாஸ்ரர்."

"கரண்ட் எப்பவும் வரலாம். ஒண்டையும் தொடாதேங்கோ. வெளியிலை வாங்கோ."

விறாந்தைக்கு ஓடி மெயின் சுவிச்சை இறக்கினார். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். அவர் தடவித் தடவி உள்ளே போய் மா அறைக் கதவைத் திறந்த சத்தம் கேட்டது. பிறகு யன்னல். பிறகு இருமினார். வாயைப் பொத்திக்கொண்டு வெளியில் வந்து குனிந்து நின்றார்.

"உங்களுக்கு மணக்கேல்லையோ?"

"இல்லை."

"இவ்வளவு மணமுமோ?"

"கொரோனாவுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை."

அவர் மண்ணில் இருந்துவிட்டார். கரண்ட் வந்தது. அயல் வீடுகளில் வெளிச்சம் வந்தது. எங்கள் வீடு மட்டும் இருட்டு. அந்த வெளிச்சத்தில் அவர் சுட்ட கையை மண்ணில் அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது.

"எரிஞ்சதை மட்டும்தான் கணக்குப் பாத்தன் அக்கா," என்றார். "எரியாமலும் போகலாம் எண்டு எனக்கு வரேல்லை. எங்கையோ எரிஞ்சிருக்கு எண்டு நானும் தேவனைப்போலதான் யோசிச்சிருக்கிறன்."

விடியத் தேவன் வந்து மாச் சாக்குகளை இழுத்துப்போட்டு, சுவரோடு கிடந்த குழாயைத் தூக்கினான். எலி கடித்திருந்தது. ஒரு இடத்தில் இல்லை, வரிசையாக. அவித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அதால் காஸ் கசிந்து அறைக்குள் நிலத்தோடு தங்கியிருக்கிறது. பயத்தில் வெளியில் வைத்த சிலிண்டர், குழாயால் உள்ளே வந்திருக்கிறது. தேவன் குழாயைக் கையில் வைத்துக் கனநேரம் பார்த்தான். பிறகு அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

நானும் மாஸ்ரரும் மலர் வீட்டுக்குப் போனோம். தேவன் வரவில்லை. மாஸ்ரர் வெள்ளைச் சேட் போட்டு வந்தார், கோயிலுக்குப் போகிற மாதிரி. உள்ளங்கையில் துணி கட்டியிருந்தது.

மலர் வளவில் தென்னை மட்டை எரித்துச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"என்ன மாஸ்ரர், இண்டைக்கு எவ்வளவு காணேல்லை?"

"உம்மை வரவேண்டாம் எண்டு சொல்லச் சொன்னது நான்," என்றார் அவர்.

"தெரியும்."

"நீர் எடுக்கேல்லை எண்டு காட்டத்தான்."

"எடுத்தனான் எண்டு ஆர் முதல் சொன்னது?"

அவள் மட்டையை உள்ளே தள்ளினாள். புகை எழும்பியது. இவர் விலகவில்லை, புகைக்குள்ளேயே நின்றார்.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு மணக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்குச் சொதி அடிப்பிடிச்சு வீடெல்லாம் எரிஞ்ச மணம். நீங்கள் அதுக்குப் பக்கத்திலை நிண்டு என்னோடை கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அண்டைக்கே தெரியும்."

நான் சிதறிக் கிடந்த மட்டைகளை எடுத்து அடுக்கினேன்.

"ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. சொன்னால் உங்கடை யாவாரம் போயிடும். அதுதான் நாறுது நாறுது எண்டு உங்களுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தனான்."

சோறு கொதித்துப் பொங்கியது. அவள் மூடியைத் திறந்து வைத்தாள்.

"நாளைக்கு வாறாய்தானே?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வராமல்? பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

அடுத்த நாள் வந்தாள். குழாயை மாற்றி, சிலிண்டரைக் குசினி யன்னலுக்கு நேரே வெளியில் கொண்டுவந்து வைத்திருந்தோம். மாஸ்ரர் பழையபடி நிறுத்தார். கணக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் வந்தது. மலர் முன்னைப்போல வேலை செய்தாள், முன்னைப்போல என்னோடு கதைத்தாள். மாஸ்ரருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு குறையும் சொல்லமுடியாது.

ஒன்றுதான். முன்பெல்லாம் அவள் பின் விறாந்தைக்கும் குசினிக்கும் தன் பாட்டில் போய் வருவாள். இப்போது ஒவ்வொரு தடவையும் குசினிப் படியில் நின்று, நான் வளவில் எங்கே நின்றாலும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்வாள்.

"அக்கா, நான் உள்ளை போறன்."

உப்புக்குப் போனாலும் சொல்வாள். தண்ணிக்குப் போனாலும் சொல்வாள். வரும்போது, "வெளியிலை வந்திட்டன்," என்பாள். தேவையில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டு அடுத்த தடவையும் சொன்னாள்.

முன் விறாந்தையில் மாஸ்ரர் படிப்பித்துக்கொண்டிருப்பார். அவள் குரல் கேட்டதும் அவர் குரல் நிற்கும். பிள்ளைகள் பேனையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் வெளியில் வந்துவிட்டேன் என்று சொல்லும்வரை நிற்கும். பிறகு, விட்ட இடத்தில் இருந்து தொடங்குவார்.